ஐந்து மாதம் மூத்தவள்

அன்று காலை ரஞ்சித் கடைசியாகச் சொன்னது, "அக்கா, டிபன் டப்பா மூடி சரியா மூடல, கொழம்பு ஊத்திக்கப் போவுது" என்பதுதான்.

கெடார் கூட்டுரோட்டில் இன்னும் விடியவில்லை. கம்பெனி பஸ் வந்து நிற்கும் புளியமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் முந்தானையால் காதை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். ரஞ்சித் டி.வி.எஸ். வண்டியை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே வெண்ணிலாவின் பையை வாங்கினான். டப்பாவை வெளியே எடுத்து மூடியை இறுக்கித் திருகி மறுபடி உள்ளே வைத்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, கிளாரா பிடித்துவைத்திருந்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்தபோது வண்டி ஊர்ப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பின்விளக்கு எரியவில்லை. சாயங்காலம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கட்டுன பொண்டாட்டிய அக்கான்னு கூப்புடற அதிசயம் எங்க முகையூர்லகூட இல்லடி" என்றாள் கிளாரா. வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லிவிடுவாள். முகையூரில் பிறந்து கெடாரில் வாழ்க்கைப்பட்டவள். செருப்புக் கம்பெனியில் தையல் லைனில் வெண்ணிலாவுக்கு அடுத்த மிஷின் அவளுடையது.

"அட்டையில அப்டித்தான கீது" என்றாள் வெண்ணிலா. அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுகிற பதில்தான்.

அட்டை என்றால் ஆதார் அட்டை. அதில் வெண்ணிலா பிறந்தது 1986 ஜனவரி ஒன்றாம் தேதி. ரஞ்சித் பிறந்தது அதே வருஷம் ஜூன் மாதம். ஆக, கணவனைவிட ஐந்து மாதம் மூத்தவள். உண்மையில் அவள் பிறந்தது 1990 ஐப்பசியில். கல்யாணம் ஆனபோது பதினேழுகூட நிறையவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் போட்டபோது மகள் கோபிகா இடுப்பில் இருந்தாள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் பக்கத்து ஊரில் வயசு பத்தாத பெண்ணின் கல்யாணத்தை அதிகாரிகள் ஜீப்பில் வந்து நிறுத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் "வயசு?" என்று கேட்டதும் வெண்ணிலா வாயைத் திறந்தாள். ரஞ்சித் முந்திக்கொண்டான். கல்யாணத்துக்கு இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும் என்று அவன் எங்கோ கேட்டிருந்தான். அது ஆணுக்கு உரிய கணக்கு என்பது அவனுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து விரல் மடக்கிப் பின்னால் எண்ணி, "எம்பத்தாறு சார்" என்றான். தேதி கேட்டார்கள். தேதி அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று போட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வெண்ணிலா சண்டை போட்டாள். "ஒரேடியா நாலு வயசு ஏத்திட்டியே, நான் இன்னா கெழவியா?"

"உன்ன உள்ள தள்ளிட்டா புள்ளைக்கு யாரு பால் குடுப்பா?" என்றான். பிறகு இரண்டு அட்டைகளும் தபாலில் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் அரை நாள் சிரித்தான். அன்றிலிருந்து அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன் திண்டிவனத்துப் பக்கம் வந்த அந்தச் செருப்புக் கம்பெனி, கெடார் வரைக்கும் பஸ் விட்டு ஆள் எடுத்தது. முப்பத்தைந்து வயசுக்குமேல் எடுப்பதில்லை. அட்டைப்படி அந்த வயசு நிரம்ப இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்போது வெண்ணிலா உள்ளே நுழைந்தாள். அப்போதும் அவன் சிரித்தான். "நல்லவேள, இன்னும் ரெண்டு வயசு ஏத்தாம வுட்டேன்" என்றான்.

ஊரிலிருந்து கெடார் ஆறு கிலோமீட்டர். முதல் டவுன் பஸ் ஊருக்குள் வருவது ஆறே முக்காலுக்கு. கம்பெனி பஸ் கூட்டுரோட்டைத் தாண்டுவது ஐந்தே காலுக்கு. பஸ்ஸை ஊருக்குள் விடச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு ஊரில் பத்துப் பேர் இருந்தால்தான் வரும் என்றார்கள். ஊரில் மூன்று பேர் வேலைக்குச் சேர்ந்ததில், இரண்டு பேர் கெடாருக்கு நடந்து நடந்து அலுத்து நின்றுவிட்டார்கள். வெண்ணிலா நிற்காததற்குக் காரணம் ரஞ்சித்தின் வண்டி. மூன்று வருஷமும் ஒரு நாள் விடாமல் கொண்டுவந்து விட்டான்.

அன்று அவளை விட்டுவிட்டுப் போனவன், நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்ட மோட்டார் கொட்டகைக்குப் போனான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எங்கோ ஒயர் பிய்ந்திருந்தது. பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள்.

பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்த ரஞ்சித்தின் அண்ணன் கண்ணையன்தான் அவன் விழுந்து கிடந்ததைப் பார்த்தது. தம்பியின் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து வெண்ணிலாவுக்குச் சொல்ல வேண்டும் என்று பெயரைத் தேடியிருக்கிறார். வெண்ணிலா என்று ஒன்றும் இல்லை. அக்கா என்று ஒன்று இருந்தது. ரஞ்சித்துக்குக் கூடப்பிறந்த அக்கா யாரும் கிடையாது. எந்த ஊர் அக்காவோ, இவங்களுக்கு எதுக்கு இப்ப என்று விட்டுவிட்டார். கடைசியில் அவர் மனைவி பாஞ்சாலிதான் கெடாருக்கு ஆள் அனுப்பி, கிளாராவின் வீட்டுக்காரர் மூலம் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டாள். வெண்ணிலாவிடம் சேதி வந்தபோது மணி பத்து. கண்ணையன் அந்த நம்பரைக் கூப்பிட்டிருந்தாலும் பயனில்லை. உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம், அவன் இல்லை என்று ஊருக்கே தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்த அந்த மூன்று மணி நேரம், அவளை வெகு நாள் அரித்தது. அன்று அவள் தைத்ததில் ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள். அன்று சாயங்காலம் கிளாரா போன் செய்தாள்.

"இத இப்ப பேசறதுக்கு வாயே வரலடி. ஆனா பேசாம இருந்தா நீதான் பின்னால பேஜாரு படுவ. லீவு மூணு நாள்தான் குடுப்பானுங்க. அதுக்குமேல போனா பேர அடிச்சிடுவானுங்க."

வெண்ணிலா கண்ணையனைப் பார்த்தாள். வாசலில் பந்தல்காரருடன் பேசிக்கொண்டிருந்தார். அவள் நேராகக் கேட்கவில்லை. பாஞ்சாலியிடம் சொன்னாள். பாஞ்சாலி போய் அவர் காதில் போட்டாள்.

அவர் உள்ளே வந்து தூணோரம் நின்றார். "இன்னாம்மா வெண்ணிலா, பதினாறு முடியாம வாசப்படி தாண்டுனா நாலு பேரு இன்னா பேசுவான்? பங்காளிங்க எல்லாம் கையக் கழுவிக்கினு பூடுவாங்க. கருமாதிக்கு எவன் வருவான்?"

"வேல போயிடும் மாமா."

"எம்மாம் பெரிய கம்பெனி. சாவுன்னு சொன்னா கேக்க மாட்டானா? அவனுக்கு மட்டும் சாவு கெடையாதா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாவுக்கு மேல் ஒரு காரணம் கேட்பவன் உலகத்தில் இருப்பான் என்று அவர் நிஜமாகவே நம்பவில்லை. வெண்ணிலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. கோபிகாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து விடுப்புக் கடிதம் எழுதினாள். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். எட்டாவதோடு நின்றாலும் கிடைத்ததையெல்லாம் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவள். 'என் கணவர் இறந்துவிட்டபடியால் கருமாதி முடியும்வரை எனக்கு விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினாள். 'இறந்துவிட்டபடியால்' என்பதை எழுதும்போது கை நிற்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அழுதாள். கிளாராவின் வீட்டுக்காரர் வந்து கடிதத்தை வாங்கிப்போனார்.

பதினாறு நாளும் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. பதினாறாம் நாள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பதினேழாம் நாள் விடியற்காலையில் கண்ணையனே மாட்டைப் பாஞ்சாலியிடம் விட்டுவிட்டு, தம்பியின் வண்டியில் அவளைக் கூட்டுரோட்டில் கொண்டுபோய் விட்டார். அவள் இறங்கும்போது, "தெனமும் என்னால முடியாதும்மா. அந்நேரத்துக்குத்தான் பால் கறக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

புளியமரத்தடியில் நின்ற பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கிளாரா மட்டும் பக்கத்தில் வந்து பையை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைக் காட்டினாள். "பதினாறு நாளும் இதுல ஒருத்தியையும் ஒக்கார வுடல. உன் சீட்டுக்காக நான் எத்தினி பேரு வாயில வுழுந்தேன் தெரியுமா?"

கம்பெனி கேட்டில் அடையாள அட்டையை மிஷினில் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். மறுபடி சிவப்பு. பின்னால் வரிசை நீண்டது. காவலாளி அவளைத் தனியே ஒதுங்கச் சொன்னார். கிளாரா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள்.

ஆள் எடுக்கிற செல்வகுமார் எட்டரைக்குத்தான் வந்தான். முப்பதுக்குள் இருக்கும் பையன், திண்டிவனத்துக்காரன், மரியாதை தெரிந்தவன். அவளைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினான்.

"கேள்விப்பட்டேங்கா. மனசே சரியில்ல."

"லெட்டர் குடுத்தனுப்புனேனே தம்பி."

"லெட்டர் கீதுக்கா. ஃபைல்ல பத்திரமா கீது. ஆனா சிஸ்டம் லெட்டர படிக்காது. லீவு போவ பத்து நாள் கேட்டுல பஞ்ச் வுழலன்னா அதுவே அப்ஸ்காண்டுன்னு போட்டுடும்."

"அப்டின்னா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "சொல்லாம கொள்ளாம ஓடிட்டாங்கன்னு அர்த்தம்."

"நான் எங்க தம்பி ஓடுனேன்? பதினாறு நாளா வாசப்படியக்கூடத் தாண்டலியே."

செல்வகுமார் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தான். பேர் அடித்தால் அடித்ததுதான், திரும்ப எடுக்க வேண்டுமென்றால் புதிதாகச் சேர்வதுபோல்தான் என்றான். அவள் ஆதார் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினான். தட்டியவன் முகத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள்.

"முப்பத்தெட்டு காட்டுதுக்கா. முப்பத்தஞ்சுக்குமேல உள்ளயே வுடாது."

"எனக்கு நெசமா முப்பத்துமூணுதான் தம்பி. வூட்டுக்காரர் தப்பா குடுத்துட்டாரு."

"இந்தச் சேர்ல ஒக்கார்ற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. உங்கள நம்பறேன். நம்பி இன்னா பண்றது? அட்ட சொல்றதுதான் வயசு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஏப்ரல்ல பெரிய ஆர்டர் ஒண்ணு வருது. அந்த மாசக் கடைசி வரைக்கும் ஆள் எடுப்பாங்க. அதுக்குள்ள அட்டைய மாத்திக்கினு வந்துடுங்க. அதுக்கப்புறம் எப்ப எடுப்பாங்கன்னு எனக்கே தெரியாது."

கம்பெனி பஸ் சாயங்காலம்தான் கிளம்பும். அவள் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து, திண்டிவனம் போய், அங்கிருந்து விழுப்புரம் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காராமல் நின்றே வந்தாள். கருமாதி வரைக்கும் வெளியே போகாமல் இருந்ததை ஊரே நல்லபடியாகப் பேசியது. அதே பதினாறு நாளைத்தான் திண்டிவனத்தில் ஓடிப்போனது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் இருந்திருந்தால் இதற்கும் சிரித்திருப்பான்.

விழுப்புரத்தில் இறங்கியவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஒரு ஜவுளிக்கடை வாசலில் 'பெண்கள் வேலைக்குத் தேவை' என்று எழுதியிருந்தது. உள்ளே போய்க் கேட்டாள். கல்லாவில் இருந்தவர் அவளை உட்காரச் சொல்லவில்லை. அந்தக் கடையில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. படிப்பு, ஊர் எல்லாம் விசாரித்தவர் அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு கழுத்தை.

"தப்பா எடுத்துக்காதம்மா. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வர்ற எடம். நீ எடுத்துப் போட்டா வாங்கறவங்க மனசுல ஒரு மாதிரி ஆயிடும். மேல ஸ்டாக் ரூம்ல மூட்ட தூக்கறதுக்கு ஆள் வேணும். ஆனா அது ஆம்பள வேல."

"நான் தூக்குவேங்க."

"தூக்குவ. நாளைக்கி இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு ஒக்காந்துக்குவ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கண்ணையன் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். யார்மேலும் குறை சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் பாஞ்சாலி சொன்னாள், "ராத்திரி சோறு துன்னல. நான்தான் அந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டேன்னு பொலம்பிக்கினே கெடந்தாரு."

"அவரு இன்னா பண்ணுவாரு" என்றாள் வெண்ணிலா. அது உண்மைதான்.

அட்டையை மாற்றப் பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அவள் பிறந்தது முகையூர்ப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டில். அம்மா செண்பகத்துக்கு ஐப்பசி அடைமழை நினைவிருந்தது, கூரை ஒழுகியது நினைவிருந்தது, மருத்துவச்சிக்குக் கொடுத்த கோழிகூட நினைவிருந்தது, தேதி மட்டும் நினைவில்லை. "இந்தத் தேதி ஒரு நாள் வேண்டியிருக்கும்னு அப்ப எனக்கு எங்கடி தெரியும்?" என்றாள். தாலுக்கா ஆபீசில் பழைய பதிவேட்டைத் தேட மூன்று நடை ஆயிற்று. முதல் நடையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டாவது நடையில் தேடுகிறவர் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார். மூன்றாவது நடையில் கிடைத்தது. 1990 அக்டோபர் 27. அப்பா பெயர் இருந்தது, ஊர் இருந்தது, பெயர் என்ற இடத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது.

"இது நீங்கதான்னு எப்டிம்மா நம்பறது?" என்றார் எழுத்தர். "உங்கப்பாவுக்கு நீங்க ஒரே பொண்ணா?"

"ஆமாங்க. ஒரே பொண்ணு."

"அப்ப நீங்கதான். ஆனா எனக்கு அது பத்தாது. இஸ்கூல் சர்டிபிகேட் வெச்சி பேர் சேக்கணும்."

படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை புதியவர். சேர்க்கைப் பதிவேட்டைத் தானே அலமாரியிலிருந்து இறக்கி, தூசி தட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதில் அவள் பெயர், அப்பா பெயர், அதே அக்டோபர் 27. பள்ளியில் சேர்த்த அன்றைக்கு அப்பாவுக்குத் தேதி தெரிந்திருக்கிறது. அவர் இறந்து பன்னிரண்டு வருஷம். அந்த மஞ்சள் தாளில் அவர் வைத்த கையெழுத்தைத் தலைமையாசிரியை காட்டியபோது வெண்ணிலா தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் நடுவில் மல்லாட்டை விளைந்துவிட்டது. அவன் விதைத்துவிட்டுப் போனது. ஆபீஸ் நடை இல்லாத நாள்களில் மற்றவர்கள் கொல்லைக்குக் காய் ஆயப் போனாள், இந்தக் கொல்லையிலும் ஆய்ந்தாள். மோட்டார் கொட்டகைப் பக்கம் மட்டும் போகவில்லை. அந்த ஓரத்துப் பாத்தி இரண்டையும் பாஞ்சாலி பிடுங்கிக் கொடுத்தாள்.

வண்டி வாசலில் சும்மா நின்றது. வேலை கிடைத்தால் ஐந்து மணிக்குக் கெடாருக்கு எப்படிப் போவது என்பதை யாரும் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெண்ணிலா வண்டியைத் தள்ளிக்கொண்டு களத்துக்குப் போனாள். கோபிகா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பதின்மூன்று வயசுப் பெண்ணுக்கு அம்மாவைவிடப் பயம்.

"ம்மா, பிரேக்கு! பிரேக்கப் புடிம்மா!"

"புடிச்சிக்கினுதான்டி கீறேன்!"

"அது ஹாரன்மா!"

வண்டி கண்ணையனின் வைக்கோல் போருக்குள் முன்சக்கரம் முழுக்கப் புகுந்து நின்றது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கண்ணையன் வாளியோடு ஓடிவந்தார். அடி ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு, "வண்டி ஓட்டறியா, இல்ல போரப் புடுங்கி என் மாட்டுக்குத் தீனி போட வந்தியா?" என்றார்.

கோபிகா சிரித்தாள். பாஞ்சாலி சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்துவிட்டோமே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் பனமலை ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பும் அளவுக்கு ஓட்ட வந்துவிட்டது. கரையில் எதிரே வந்த ஆள்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். "தாலி எறங்கி ரெண்டு மாசம் ஆவல, ஊரச் சுத்துது பாரு" என்று ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. நிறுத்திப் பதில் சொல்லலாம் என்றால் நிறுத்தினால் மறுபடி கிளப்ப வருமா என்ற சந்தேகத்தில் அப்படியே போய்விட்டாள்.

ஏப்ரல் பத்தாம் தேதிக்குமேல் பெயர் சேர்த்த பிறப்புச் சான்று கைக்கு வந்தது. விழுப்புரத்தில் ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவுண்டரில் ஒரு பெண். சான்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"பிறந்த தேதி ஒரே வாட்டிதாங்க மாத்த முடியும். அப்புறம் தப்புன்னு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மாத்திடட்டுமா?"

வெண்ணிலா கையிலிருந்த பழைய அட்டையைப் பார்த்தாள்.

அந்த ஜனவரி ஒன்று அவன் விரல் மடக்கி எண்ணியது. அவளை யாரும் பிடித்துப் போய்விடக் கூடாது என்று எண்ணியது. தப்பான கணக்குதான். பன்னிரண்டு வருஷமாக எந்த ஆபீசுக்குப் போனாலும் அந்தக் கணக்குத்தான் அவளோடு வந்தது. அதை அழித்தால் அவள் அவனைவிட நாலு வயசு சின்னவளாகிவிடுவாள், எல்லாப் பெண்டாட்டிகளையும்போல.

"என்னங்க? பின்னால ஆள் நிக்குது."

"மாத்துங்கம்மா" என்றாள்.

கையை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். கண்ணைக் காட்டச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் இருந்ததால் மிஷின் இரண்டு தடவை எடுக்கவில்லை. துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை காட்டினாள்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி செல்வகுமார் அவள் எண்ணைத் தட்டியபோது கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. "அப்பாடா" என்றான் அவன். அவளைவிட அவனுக்குத்தான் சந்தோஷம்போல் இருந்தது. "ஆனா ஃப்ரெஷராத்தான் போட முடியும். மூணு வருஷ சர்வீஸ் போனது போனதுதான். தையல் லைன்லயும் எடம் இல்ல. பேஸ்டிங்ல போடறேன். ட்ரெய்னிங் மூணு மாசம்."

"எனக்கு மிஷின் தெரியுமே தம்பி. அங்க கத்துக்குடுக்கற பொண்ணுக்கு நான்தான் கத்துக்குடுத்தேன்."

"தெரியுங்கா. அது எனக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே."

புது அடையாள அட்டை, புது எண். பசை நாற்றம் முதல் வாரம் தலையைச் சுற்றியது. சாப்பாட்டு நேரத்தில் கிளாரா தட்டை எடுத்துக்கொண்டு பேஸ்டிங் பக்கத்துக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். "ட்ரெய்னி பொண்ணு, ஒழுங்கா ஒட்டக் கத்துக்கடி, செருப்பு பிஞ்சா எங்க லைனத்தான் திட்டுவானுங்க" என்று அதட்டினாள்.

முதல் நாள் காலை நாலரைக்கு வண்டியை எடுக்க வெளியே வந்தபோது கண்ணையன் பால் கேனுடன் நின்றிருந்தார். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது பின்பக்கச் சுவரில் லேசாகச் சிவப்பு வெளிச்சம் ஓடியது. நிறுத்தாமல் கண்ணாடியில் பார்த்தாள். பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ரஞ்சித்திடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் போனது கண்ணையனுக்கு எப்படித் தெரிந்ததோ. கூட்டுரோட்டு டீக்கடைக்காரரிடம் சொல்லி வண்டியைக் கடை ஓரமாக நிறுத்தினாள். பூட்டிவிட்டு, பையைத் திறந்து, டிபன் டப்பா மூடியை ஒரு தடவை இறுக்கித் திருகிக்கொண்டாள்.

ரஞ்சித்தின் போன் இப்போது கோபிகாவிடம் இருக்கிறது. சாயங்காலம் லாக்கரிலிருந்து தன் போனை வாங்கியதும் வெண்ணிலா அதற்குத்தான் கூப்பிடுவாள். "ம்மா, பஸ் ஏறிட்டியா?" என்று மகள் கேட்பாள். ஏறிட்டேன் என்றதும் வைத்துவிடுவாள், பாடம் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் போனைக் காணோம் என்று கோபிகா வீடெல்லாம் தேடினாள். வெண்ணிலா தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். துவைத்து மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. எடுத்தாள். அதில் அவள் எண்ணுக்கு நேரே 'அக்கா' என்று இருந்தது.

"பேர மாத்தட்டுமா?" என்று மகளிடம் கேட்டாள்.

"எதுக்கு?" என்றாள் கோபிகா.

அது அப்படியே இருக்கிறது.